குணுக்குக்கு ஒரு தனிக்கட்டுரை தேவையா?

அப்பத்தாவின் மரப்பெட்டியைத் துடைத்தபோது அடியில் ஓர் ஈயத் துண்டு கிடைத்தது. சுண்டுவிரல் தடிமன். வளையம் போல வளைத்து, முனைகள் இரண்டும் ஒட்டாமல் ஒரு கீற்று இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த அளவுக்கு அது கனத்தது ஆச்சரியமாக இருந்தது. மீன் வலையில் கட்டுகிற குண்டோ என்று நினைத்தேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "குணுக்குடா அது. எங்க ஆத்தாளுக்குச் சின்னப் பிள்ளையில காது வளர்க்கப் போட்டது."

கைப்பேசியில் 'குணுக்கு' என்று தட்டிப் பார்த்தேன். வரிசையாகச் சமையல் குறிப்புகள். மிஞ்சிய அடைமாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டு எடுக்கும் குணுக்கு. மொறுமொறுப்பாக வர என்ன சேர்க்கலாம் என்பது வரை விவரம் இருக்கிறது. காதில் போட்ட குணுக்கைப் பற்றி அகராதி வரிகளைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் எனக்குக் கை பரபரத்தது. அத்தையிடம் கேட்டு நாலு பத்தி எழுதி, ஈயத் துண்டைப் படம் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கிற பொதுவகத்தில் ஏற்றினால் ஒரு கட்டுரை ஆகிவிடாதா?

ஆகாது என்று புரிய அரை நாள் பிடித்தது. ஏன் ஆகாது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். வழக்கொழிந்த எந்த அணிகலப் பெயரை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான் வரும்.

முதலில், அச்சுக் காலத்தையும் இன்றைய நிலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954இல் தொடங்கி 1968இல் முடிந்தது; மொத்தம் பத்துத் தொகுதிகள். அப்படிப்பட்ட நூலில் ஒரு தலைப்பைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் பக்கக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. காகிதத்துக்கும் அச்சுக்கும் காசு வேண்டும், குணுக்குக்கு இடம் கொடுத்தால் வேறு ஏதோ ஒன்று வெளியே போகும். 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அந்தக் கவலை கிடையாது. ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது, இன்னும் ஒன்று சேர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. அப்படியானால் தடுப்பது எது?

விக்கிப்பீடியாக்காரர்கள் இதைக் குறிப்பிடத்தக்கமை என்பார்கள். நாக்கில் உருளாத சொல், ஆனால் உள்ளே இருக்கும் விதி எளிது. ஒரு பொருளைப் பற்றி, அதனோடு ஆதாயத் தொடர்பு இல்லாத, நம்பத்தகுந்த வேறு ஆட்கள் விரிவாக எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். பொருள் பழமையானதா, அழகானதா, நம் பாட்டி போட்டதா என்பதெல்லாம் இதில் சேராது. 'குறிப்பிடத்தக்கமை இல்லை' என்று கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் யாராவது எழுதினால் நம் பண்பாட்டையே மட்டம் தட்டிவிட்டதாக நமக்குச் சுருக்கென்று தைக்கும். அவர் சொல்வது அதுவே இல்லை. இதைப் பற்றிப் பிறர் போதிய அளவு எழுதியதைக் காணோம் என்கிறார்.

இந்த விதியில் மூன்று சல்லடைகள் இருக்கின்றன. அணிகலன் விஷயத்தில் மூன்றுமே நன்றாகச் சலிக்கும்.

'விரிவாக' என்பதில்தான் பெரும்பாலான சொற்கள் விழுந்துவிடும். ஒரு நூலில் நகைகளைப் பட்டியலிடும்போது பத்தோடு பதினொன்றாக ஒரு பெயர் வந்தால் அது விரிவான பதிவு ஆகாது. அடுத்தது 'ஆதாயத் தொடர்பு இல்லாத'. நகைக்கடை விளம்பரம், கவரிங் நகை விற்கும் தளங்களின் விவரக் குறிப்பு, இவை எத்தனை ஆயிரம் இருந்தாலும் எடுபடாது. விற்கிறவர் வைக்கிற பெயர் அது. போன வருடம் 'ஆன்டிக் ஜிமிக்கி' என்று விற்றதையே இந்த வருடம் வேறொரு பழம்பெயர் சூட்டி விற்பார், பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்து எழுதுவார், மூன்றே மாதத்தில் அது பாரம்பரியம் ஆகிவிடும். 'நம்பத்தகுந்த' என்பதற்கு விளக்கமே வேண்டாம், வாட்ஸ்அப்பில் வருவது அதில் சேராது.

தேடுபொறியில் எத்தனை முடிவுகள் வருகின்றன என்று எண்ணிக் காட்டுவதும் செல்லாத வாதம். கிழவிகள் காதில் தொங்கிய 'தண்டட்டி' என்ற நகையைத் தேடினால் நிறைய வரும். ஆனால் 2023இல் அதே பெயரில் ஒரு திரைப்படம் வந்திருப்பதால் அவற்றில் பெரும்பகுதி படத்தைப் பற்றியது. குணுக்குக்கு வருகிற எண்ணிக்கை எல்லாம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து வருகிறது என்பதை மேலேயே பார்த்தோம்.

இந்தச் சல்லடையில் எது சுலபமாகத் தேறும் என்று பார்த்தால் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். பெண்கள் தலைமுடியில் மாட்டுகிற, எலாஸ்டிக்கைத் துணிக்குள் சுருக்கித் தைத்த ஸ்க்ரஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ரோமி ரெவ்சன் என்ற பாடகி அதை வடிவமைத்து 1987இல் காப்புரிமை பெற்றார். தான் வளர்த்த நாய்க்குட்டியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். அவர் 2022இல் இறந்தபோது பெரிய நாளிதழ்கள் விரிவான இரங்கல் குறிப்பு எழுதின. காப்புரிமைப் பத்திரம், செய்தித்தாள் கட்டுரை, இரங்கல் குறிப்பு என்று காகிதம் குவிந்து கிடக்கிறது. ஒரு முடிவளையத்தைப் பற்றி அலுங்காமல் ஐந்து பத்தி எழுதலாம். தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகளின் காதை இழுத்த ஈயத்துக்கு ஒரு பத்திரமும் கிடையாது. இன்றைக்கும் அன்றைக்கும் காகிதத்தில் ஏறியது எது, ஏறாதது எது என்ற ஏற்றத்தாழ்வு அப்படியே கலைக்களஞ்சியத்திலும் இறங்குகிறது. விதியில் ஓரவஞ்சனை இல்லை, ஆனால் விளைவில் இருக்கிறது.

சரி, குணுக்கைச் சல்லடையில் போட்டுப் பார்ப்போம்.

அகராதிகளில் சொல் இருக்கிறது. காதுத் துளையைப் பெரிதாக்க இடும் கனமான உலோகத் துண்டு என்ற அளவில் பொருளும் இருக்கிறது. ஆனால் அகராதி பேசுவது சொல்லைப் பற்றி. கலைக்களஞ்சியம் பேச வேண்டியது பொருளைப் பற்றி. 'விக்கிப்பீடியா ஓர் அகரமுதலி அன்று' என்ற விதி இதற்காகவே இருக்கிறது, அந்த வேலைக்கு விக்சனரி என்று தனித் தளமும் இருக்கிறது. அகராதி வரியை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினால் எப்படி இருக்கும்? 'குணுக்கு என்பது காது வளர்க்கப் பயன்பட்ட ஈயத் துண்டு.' அப்புறம்? எந்த வயதில் போட்டார்கள், முதலில் பஞ்சுத் திரி வைத்து, பிறகு ஓலைச் சுருள் வைத்து, அதற்குப் பிறகுதான் ஈயமா, கனத்தை எப்படிப் படிப்படியாகக் கூட்டினார்கள், புண் வந்தால் என்ன செய்தார்கள், எந்தெந்த ஊரில் எந்தெந்தச் சாதியில் இந்த வழக்கம் இருந்தது, எப்போது நின்றது? அத்தைக்குப் பாதி தெரியும். அச்சில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இலக்கியத்தைத் துணைக்கு அழைக்கலாம் என்று தோன்றும். பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனுக்குக் காது குத்தும் பதிகம் ஒன்று உண்டு. யசோதை பிள்ளையைத் தாஜா பண்ணுகிறாள்: எரியாமல் திரி இடுகிறேன், இதோ பார் பொன் கடிப்பு (காதணி) என்று ஆசை காட்டுகிறாள். காது குத்தித் திரி வைக்கும் வழக்கத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சான்று அது. ஆனால் அது மூலச் சான்று. பாட்டிலிருந்து நானே ஒரு முடிவுக்கு வந்து, திரிக்கு அடுத்த படி ஈயம், ஆகவே குணுக்குக்கு ஆயிரம் வயது என்று எழுதினால் அது என் ஆராய்ச்சி. கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. வேறொரு ஆய்வாளர் அப்படி எழுதி வெளியிட்டிருந்தால் அவர் சொன்னதாக எழுதலாம்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலில் காது வளர்க்கும் வழக்கம் வருகிறது. அதை விநோதமாகப் பார்க்கிற வெள்ளைக்காரக் கண்தான், இருந்தாலும் வெளியான பதிவு. அது வழக்கத்துக்குச் சான்று. அதில் வரும் ஈயத் துண்டுக்கென்று தனியாக ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு அது பிடிகொடுக்காது.

இதே பெட்டியில் குணுக்குக்குப் பதில் ஒரு ஜோடி பாம்படம் கிடைத்திருந்தால் கதை வேறு. (கிடைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்பது தனி விஷயம். பாம்படமும் தண்டட்டியும் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் அடகுக் கடை வழியாகப் போய்ச் சேர்ந்தவை.) மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் கிழவிகளின் தோளைத் தொட்ட அந்தக் காதணியை உலகம் கவனித்திருக்கிறது. மெல்லிய பொன் தகட்டை அரக்கின் மேல் போர்த்தி, உருண்டை, கட்டம், கூம்பு என்று வடிவங்களை அடுக்கி, பாம்பு என்று நேரடியாகத் தெரியாமலே பாம்பைக் காட்டுகிற வேலைப்பாடு அது. ஏதோ நவீனச் சிற்பம் போல இருக்கும். அதனாலேயே இந்திய நகைகள் பற்றிய பெரிய ஆய்வு நூல்களிலும் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் படத்தோடும் விளக்கத்தோடும் இடம்பிடித்திருக்கிறது. பாம்படத்துக்குத் தனிக்கட்டுரை தாராளமாக நிற்கும். தண்டட்டிக்கும் நிற்கும் என்றே நினைக்கிறேன், இரண்டும் ஒன்றா வேறா என்ற தகராறை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்; ஊருக்கு ஊர் பெயரை மாற்றிப் போட்டுச் சொல்கிறார்கள்.

இந்தப் பெயர்த் தகராறு பெரிய இடங்களிலும் உண்டு. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் லியோனார்டோ டா வின்சி 1490களில் வரைந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணின் ஓவியம் இருக்கிறது. நெற்றியைச் சுற்றி மெல்லிய கயிறு, நடுவில் சின்ன மணி. ஓவியத்தின் பெயர் 'லா பெல் ஃபெரோனியேர்'. 1830களில் ஐரோப்பியப் பெண்களிடையே இதுபோன்ற நெற்றி அணி மறுபடி பிரபலமானபோது அதற்கு ஓவியத்தின் பெயரையே வைத்து 'ஃபெரோனியேர்' என்றார்கள். ஓவியத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் குழப்பத்தில்தான். பிரெஞ்சு அரசன் முதலாம் பிரான்சுவாவின் காதலி என்று பேசப்பட்ட வேறொரு பெண்ணின் பட்டப்பெயர் அது. ஓவியத்தில் இருப்பவள் காலத்து இத்தாலியில் அந்த அணிக்கு 'லென்சா' என்று பெயர். இப்போது கட்டுரைக்கு எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது? தவறுதலாக ஒட்டிக்கொண்ட பின்னாள் பெயரைத்தான், ஏனென்றால் நகை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சரியான பெயரைத் தேடிக் கண்டுபிடித்துச் சூட்டுவது கலைக்களஞ்சியத்தின் வேலையில்லை, புழக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு குழப்பத்தைக் கட்டுரைக்குள் விளக்கினால் போதும்.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான சிக்கல் இருக்கிறது: பெயர் துல்லியமாக இருக்கும், பொருளைக் காணோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசனும் அவன் வீட்டாரும் கொடுத்த நகைகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை போட்டு வெட்டப்பட்டிருக்கின்றன. தோடு, காறை, சூடகம், வாளி, வடுகவாளி. வாளி காதணி. வடுகவாளி அதில் எந்த விதத்தில் வேறு? பெயரை வைத்து வடுகர் பாணியாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், வரைந்து காட்டு என்றால் கை நிற்கும். கணக்கு எழுதிய கோயில் கணக்கனுக்குப் பொன்னின் எடை முக்கியம், வடிவம் முக்கியமில்லை.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி கோவலனின் ஊடல் தீர்க்க அலங்கரித்துக்கொள்ளும் இடம் வரும். காலில் பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை, அரியகம், தொடையில் குறங்குசெறி, தலையில் தொய்யகம், புல்லகம். குறங்கு என்றால் தொடை. அங்கே செறிப்பதால் குறங்குசெறி. பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. அடியார்க்குநல்லார் உரை வேறு துணைக்கு இருக்கிறது, உ.வே.சாமிநாதையர் 1892இல் அந்த உரையோடு பதிப்பித்தார். இங்கே ஒரு சுவாரசியமான சிக்கல் எழும். உரையாசிரியரை மூலம் என்பதா, மூலத்தைப் பற்றிப் பேசும் இரண்டாம் நிலைச் சான்று என்பதா? பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் உட்கார்ந்து விளக்குகிறவர், அந்த வகையில் இரண்டாம் நிலை. நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் உரைக்காரர் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் கொடுத்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டால் நமக்குக் கிடைப்பது மறுபடியும் அகராதிப் பொருள்தான். குறங்குசெறியை விக்சனரிக்கு அனுப்பிவிட்டு, மாதவியின் அணிகலன்கள் அத்தனையையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுதினால் அருமையாக இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறுங்கட்டுரை என்று பன்னிரண்டு பக்கம் திறந்தால் பன்னிரண்டும் ஒற்றை வரியில் நின்று வெயில் காயும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு விலங்கின் கதையைச் சொல்லலாம். தென்னமெரிக்காவில் கோட்டி என்றொரு பிராணி இருக்கிறது, நீண்ட மூக்கோடு ரக்கூனுக்குச் சொந்தம். 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் விளையாட்டாக, 'பிரேசில் ஆர்ட்வார்க் என்றும் அழைக்கப்படும்' என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் சேர்த்துவிட்டார். அப்படி யாரும் அழைத்ததில்லை. யாரும் கவனிக்கவில்லை, வரி அங்கேயே கிடந்தது. பிரிட்டிஷ் நாளிதழ்கள் அதைப் பார்த்து எழுதின; நாளிதழ்களைப் பார்த்துப் பிறர் எழுதினார்கள்; பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியா வரிக்கு மேற்கோளாக வந்து உட்கார்ந்தது. 2014இல் விஷயம் வெளியே வந்தபோது, பொய்யாகச் சொன்ன பெயர் உண்மையிலேயே ஒரு பெயராகிவிட்டிருந்தது. பலர் பார்த்த, புகைப்படங்களில் வலம் வந்த விலங்குக்கே இந்த நிலை. காதில் போட்ட ஆட்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்ட குணுக்கில் நான் ஒரு வரி தப்பாக எழுதினால் திருத்த யார் இருக்கிறார்கள்?

இந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு நெருடல் போகவில்லை. 1751 முதல் 1772 வரை பாரிஸில் தெனி திதரோ கொண்டுவந்த கலைக்களஞ்சியம், பதினேழு தொகுதி எழுத்தும் பதினொரு தொகுதிப் படமுமாக வந்தது. இன்றைய கலைக்களஞ்சியங்களுக்கெல்லாம் முப்பாட்டன் அது. பொத்தான் செய்கிறவர், விசிறி செய்கிறவர், நகை செய்கிறவர் என்று பட்டறை பட்டறையாகப் படம் போட்டிருப்பார்கள். 1750இல் அதற்கு எழுதிய முன்னறிவிப்பில் திதரோ பெருமையாகச் சொல்வதே இதைத்தான்: கைத்தொழிலைப் பற்றி நூல்களில் அதிகம் இல்லாததால் நாங்களே பட்டறைகளுக்குப் போனோம், தொழிலாளிகளைக் கேள்வி கேட்டோம், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம், அவர்களுக்கே உரிய தொழிற்சொற்களைச் சேகரித்தோம் என்கிறார். அதாவது அத்தையிடம் கேட்டு எழுதுவது. திதரோ செய்ததை நான் இன்று செய்தால் கட்டுரையின் தலையில் 'சொந்த ஆராய்ச்சி' என்று எச்சரிக்கைப் பட்டை (வார்ப்புரு) ஒட்டிவிடுவார்கள்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. திதரோவின் பெயர் அட்டையில் இருந்தது, தப்பென்றால் பிடித்துக் கேட்கலாம். விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர் யாரென்றே தெரியாது, அதனால் எழுதியவரை விட்டுவிட்டு அவர் காட்டும் மேற்கோளைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு முயற்சியும் நடந்தது. 2011இல் அச்சல் பிரபாலா முன்னின்று, விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியோடு, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழி மேற்கோள் திட்டம் என்று ஒன்றைச் செய்து பார்த்தார்கள். மலையாளம், இந்தி, வட சோத்தோ மொழிகளில், அச்சில் வராத விளையாட்டுகள், சடங்குகள், கைவேலைகள் பற்றி ஊர்க்காரர்களிடம் பேசி ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே மேற்கோளாகக் காட்டினார்கள். யோசனை பலருக்குப் பிடித்தது, ஆங்கில விக்கிப்பீடியாவில் எதிர்ப்பும் இருந்தது, பொது விதியாக அது மாறவில்லை. தமிழில் இதை யாராவது கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. நகைத் தொழில் தெரிந்த பத்தர்களும் காது வளர்த்த கிழவிகளும் இன்னும் சிலர் இருக்கும்போதே.

அதற்கு முன்னால் குணுக்குக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். ஒரு தலைப்பு நீக்கலுக்கு முன்மொழியப்பட்டால் வைப்பது, நீக்குவது என்று இரண்டே முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் சண்டை போடுகிற பாதிப் பேருக்கு நடுவில் இருக்கும் இரண்டு வழிகள் நினைவுக்கு வருவதில்லை: பெரிய கட்டுரையில் இணைப்பது, அந்தப் பெயரைத் தேடுகிறவரைத் தானாகவே அந்தக் கட்டுரைக்குக் கொண்டுபோகிற வழிமாற்று வைப்பது. குணுக்குக்குப் பொருந்துவது அவைதான். 'காது வளர்த்தல்' என்று ஒரு கட்டுரைக்குச் சான்று போதும்; வழக்கம் எங்கே இருந்தது, எந்த நகைகளுக்காக வளர்த்தார்கள், பிறகு அடுத்த தலைமுறை எப்படி வடிகாதை வெட்கமாக நினைத்து அறுத்துத் தைத்துக்கொண்டு தோட்டுக்கு மாறியது என்று எழுத விஷயம் நிறைய. அதில் ஒரு பத்தி குணுக்குக்கு. படமும் அங்கேயே நிற்கும், ஏனென்றால் படத்துக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. நாளைக்கு யாராவது ஆய்வேடு எழுதினால் அந்தப் பத்தியைப் பெயர்த்தெடுத்துத் தனிக்கட்டுரை ஆக்கிக்கொள்ளலாம்.

வழிமாற்று வைக்கப் போனபோது இன்னொரு சிக்கல். 'குணுக்கு' என்ற வெறுந்தலைப்பு நியாயப்படி பலகாரத்துக்குத்தான் போகும். சமையல் நூல்கள் அதற்குச் சாட்சி சொல்லும். நம்முடையதை 'குணுக்கு' என்று எழுதிப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும். அடைப்புக்குறிக்குள் என்ன எழுதுவது? காதணி என்று தட்டிவிட்டு நிறுத்தினேன். அணிந்து அழகு பார்க்கிற பொருளா அது? பாம்படம் மாட்டுவதற்குக் காதைத் தயார் பண்ணுகிற சாமான். கருவி என்று போட்டால் சுத்தியல், அரம் வரிசையில் நிற்கும்.

அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தே, குணுக்கை நகைன்னு சொல்லலாமா?"

"ஈயத்தை எவன்டா நகைங்கிறது? அது காதுல கெடக்குறப்ப எங்க ஆத்தா கல்யாண வீட்டுக்கே போக மாட்டேன்னு அழுமாம்."

வழிமாற்றை இன்னும் சேமிக்கவில்லை.